வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தாச்சு, திரும்ப வாங்க முடியுமா?

பெங்களூருவில் அப்பா எப்போதோ வாங்கிப்போட்ட சைட் இன்று கோடிகளில் போகிறது. "எப்படியும் எனக்குத்தானே, இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. தானப் பத்திரம் பதிவான பிறகு மகன் கவனிக்காவிட்டால்?

மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-ன்படி, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத் தீர்ப்பாயம் திரும்ப வாங்கித் தரலாம். சிக்கலே அந்த நிபந்தனைதான். பெத்த பிள்ளைகிட்ட யாருங்க அதை எழுதி வாங்குவாங்க? நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் கொஞ்சம் இளகியது. பத்திரத்தில் இருந்த வாசகத்தோடு, கவனித்துக்கொள்வதாக மகன் தனியே எழுதித் தந்த உறுதிமொழியையும் சேர்த்துப் படித்து, தானத்தை ரத்து செய்தது. அந்தத் தாயிடம் அந்தத் தாள் இருந்தது. எத்தனை பேரிடம் இருக்கும்?

உயில் என்றால் சாகும்வரை மாற்றலாம். தானம்தான் என்றால் பராமரிப்பு வரி பத்திரத்திலேயே இருக்கட்டும்.

மனுவை கர்நாடகாவில் உதவி ஆணையரிடமும் தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடமும் கொடுக்கலாம்; வக்கீல் தேவையில்லை. தேசிய உதவி எண் 14567.

அதற்கு முன் ஒன்று கவனிங்க: அப்பாவின் ஏடிஎம் கார்டு இப்போது யார் கையில் இருக்கு?