முளைத்த வெங்காயம் குப்பைக்கா?

வெங்காயம் விலை ஏறினால் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? கிலோ வாங்கியவர்கள் அரைக் கிலோ வாங்குவார்கள். அரைக் கிலோ வாங்கியவர்கள் கால் கிலோவோடு திரும்புவார்கள்.

2019-ம் ஆண்டு டிசம்பரில் பல நகரங்களில் ஒரு கிலோ வெங்காயம் 100 ரூபாயைத் தாண்டியது. மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் விடாமல் பெய்த மழையில் பயிர் அழுகிப் போனதே காரணம். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டுவிட்டது. எகிப்தில் இருந்தும் துருக்கியில் இருந்தும் வெங்காயம் வரவழைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மறுபடியும் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

ஆண்டுக் கடைசியில் ஏன் இந்தத் தொல்லை? கோடையில் எடுத்த வெங்காயத்தைத்தான் மாதக்கணக்கில் சேமித்து வைத்து விற்கிறார்கள். ஐப்பசி வாக்கில் அந்த இருப்பு தீர்ந்துவிடும். அப்போது வரவேண்டிய புதுப் பயிரை மழை கெடுத்தால் விலை துள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், அதே மழைக்காலத்தில்தான் வீட்டுக் கூடையில் கிடக்கும் வெங்காயம் முளை விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள், முளைத்துவிட்டது என்பதற்காகக் குப்பைக்குப் போகிறது. இது வீண் நஷ்டம்.

முளையில் நஞ்சா?

உருளைக்கிழங்கு முளைத்துப் பச்சை ஏறினால் அதில் நஞ்சு சேரும். அதைச் சாப்பிடக் கூடாது. அந்தப் பயத்தை வெங்காயத்தின் மேலும் போட்டுவிட்டார்கள். வெங்காய முளையில் அந்த நஞ்சு கிடையாது. சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் வெங்காயத்தாள்தான் அது. அழுகியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் மட்டும் எறிந்தால் போதும்.

உடைந்த சட்டி போதும்

தோட்டம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வாய் உடைந்த மண்சட்டி போதும். பழைய வாளியும் ஆகும். அடியில் துளை இருக்க வேண்டும். துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லை வைத்து, மண்ணும் மட்கிய சாண எருவும் கலந்து நிரப்ப வேண்டும். முளைத்த வெங்காயத்தை முனை வெளியே தெரியும்படி ஊன்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டால் நல்லது.

வெயில் படும் இடத்தில் சட்டியை வைக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரையே ஊற்றலாம். ஆனால் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அடைமழை நாளில் சட்டியைத் திண்ணைக்கு ஏற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

மூன்று, நான்கு வாரத்தில் தாள் வெட்டுக்கு வந்துவிடும். வேரோடு பிடுங்கக் கூடாது. அடியில் இரண்டு விரல் விட்டு நறுக்கினால் மறுபடியும் துளிர்க்கும். கடையில் வாங்கிய தாளின் வேர்ப் பகுதியை நட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு சட்டித் தாளால் வீட்டு வெங்காயச் செலவு முழுவதும் நின்றுவிடாது. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் கால் கிலோ வெங்காயத்தை ஒரு வாரத்துக்கு இழுக்க வேண்டிய வீட்டில், ஒரு பிடி தாள் பெரிய உதவி. பாசிப்பருப்புக் கூட்டில் போடலாம். அடை மாவில் கலக்கலாம். முட்டையோடு பொரிக்கலாம். எதில் போட்டாலும் கடைசியில் போட வேண்டும். நெடுநேரம் வெந்தால் மணம் போய்விடும். உடம்பில் 'ஏ' வைட்டமினாக மாறும் சத்தும் பச்சைத் தாளில் உண்டு. கிழங்கில் அது இல்லை என்றே சொல்லலாம்.

வீட்டில் நாய் இருந்தால் ஓர் எச்சரிக்கை. தாளோ கிழங்கோ, வெங்காயம் கலந்த சோற்றை அதற்கு வைக்கக் கூடாது. அதன் இரத்தத்தைக் கெடுத்துவிடும்.

சின்ன வெங்காயம் கிடைத்தால் இரண்டாவதாக ஒரு சட்டியும் வைக்கலாம். அதில் தாளை வெட்டாமல் விட வேண்டும். தாள் இருந்தால்தான் கிழங்கு பருக்கும். ஏறத்தாழ 70 நாளில் தாள் பழுத்துச் சாயும். ஊன்றிய ஒரு காய் நாலைந்து காயாகத் திரண்டிருக்கும். நிழலில் உலர்த்தி, அடுத்த நடவுக்கு ஒரு கைப்பிடி எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சாம்பாரில் போடலாம்.