அணியாத வெள்ளி நாடா

ஈராக் தேசத்தின் தென்பகுதியில், யூப்ரடீஸ் நதி முன்னொரு காலத்தில் ஓடிய கரையருகே, ஊர் என்றொரு பாழ்நகரம் இருக்கிறது. பெயர் நம் காதுக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆயினும் அதை மட்டும் வைத்துக்கொண்டு சரித்திரம் கட்டும் பெரியோர்களுடன் நாம் சேர்வதாக இல்லை.

லெனார்டு வூல்லி என்ற ஆங்கிலேயர் 1922 முதல் 1934 வரை அங்கே அகழ்ந்தார். ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரச கல்லறைகள் அகப்பட்டன. ஒன்றில் புவாபி என்னும் அரசி கிடந்தாள். முத்திரையிலிருந்த அவள் பெயரை முதலில் ஷுபாத் என்று படித்து வந்தார்கள். தலையில் பொன் நாடாச் சுற்றுகள். அவற்றின்மேல் இலை இலையாகத் தட்டிக் கோத்த பொன்மாலைகள். ஓடம்போல் வளைந்த பெரிய காதணிகள். தோள் தொடங்கி இடை வரையில் மணிச் சரங்கள்!

இத்தனைக்கும் அந்த வண்டல் நாட்டில் பொன்னும் விளையாது, மணியும் விளையாது. கருநீலக் கல் ஆப்கானிஸ்தானத்துப் பதக்ஷான் மலையிலிருந்து வந்தது. சூதுபவள மணிகளில் சில நமது சிந்து வெளிக் கைவினைஞர் செய்து அனுப்பியவை. அக்கடினமான கல்லில் விரல் நீளத்துக்குத் துளையிட நாட்கணக்கில் உழைக்கவேண்டும்.

தகடு தட்டுதல், கம்பி இழைத்தல், பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தல் யாவும் அந்நாட்டுத் தட்டார் அறிந்தவை. மெஸ்கலம்துக் என்பவனுடைய தலைக்கவசம் ஒரே பொற்றகட்டைத் தட்டி எழுப்பியது. தலைமயிரின் சுருளும் கொண்டையும்கூட அதில் தெரிகின்றன.

ஆனால் அருகிலிருந்த மற்றொரு குழியைப் பற்றி எழுதுகையில் நமது பேனா தயங்குகிறது. அதில் 74 பேர் கிடந்தனர்; அவர்களில் 68 பேர் பெண்கள். எல்லாரும் அலங்கரித்துக் கொண்டவர்கள், எஜமானருடன் போக வந்த பரிவாரம். அவர்கள் விஷம் அருந்தி அமைதியாக உறங்கினர் என்று வூல்லி கருதினார். இக்கல்லறைகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை, ஒன்று இக்குழியிலிருந்த பெண்ணுடையது, ஆராய்ந்தவர்கள் 2011ல் வேறு விதமாக எழுதினர். கூர்முனை ஆயுதத்தால் அடித்த அடையாளம் இரண்டிலும் இருந்ததாம்.

அப்பெண்கள் கூந்தலில் பொன் நாடா அல்லது வெள்ளி நாடா அணிந்திருந்தனர். ஒருத்திக்கு மட்டும் தலையில் ஒன்றும் இல்லை. அவளுடைய வெள்ளி நாடா, அவிழாதபடி இறுகச் சுருட்டப்பட்டு, இடையருகே இருந்தது. நேரமாகிவிட்டதால் சூட்டிக்கொள்ளாமல் ஓடி வந்திருப்பாள் என்று வூல்லி ஊகித்தார்.

வகுப்பில் இதைச் சொன்னோம். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அவளுக்குப் போக மனமில்லையோ, ஸார்?" என்று கேட்டாள். அன்றைய பாடத்தை நாம் அத்துடன் நிறுத்திக்கொண்டோம்.