மந்திரத்துக்கு என்ன விலை?

மந்திரவாதியின் இடுப்பில் லேசர் துப்பாக்கி. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்-பிளேயிங் ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கலவை மீது தீராத ஆசை. இது புதிதும் அல்ல. 1974ல் டேவ் ஆர்னெசனுடன் சேர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸ், 1980ல் வெளியான ஒரு சாகசத்தில் வாளும் கவசமுமாக வந்தவர்களை, விழுந்து கிடந்த விண்கலத்துக்குள் அனுப்பிவைத்தார்.

சிக்கல், எந்த விதிப் புத்தகத்தை வாங்குவது என்பதில். எத்தனை மந்திரம், எத்தனை ஆயுதம் என்று பட்டியலை எண்ணிப் பார்த்து வாங்குபவர்களே அதிகம். பட்டியல் இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆட்டத்தில் மந்திரமும் இயந்திரமும் சேர்ந்தால் யார், எதை இழக்கிறார்கள்?

1989ல் வந்த 'ஷேடோரன்' இதற்குப் பளிச்சென்று பதில் சொல்கிறது. டிராகன்கள் பெரிய கம்பெனிகள் நடத்தும் எதிர்கால உலகம். ஒவ்வொருவருக்கும் 'எஸன்ஸ்' என்று 6 புள்ளிகள். செயற்கைக் கண், இரும்புக் கை என்று பொருத்திக்கொள்ளும்போதெல்லாம் அது குறையும். மந்திரவாதியானால் மந்திர சக்தியும் கூடவே இறங்கும். இருட்டில் பார்க்கும் கண் வேண்டுமா, கற்ற வித்தை வேண்டுமா? ஆட்டக்காரர் உண்மையிலேயே தவிக்கிறார். ஆனால் விதிகள் ஏராளம். பொறுமைசாலிகளுக்கே சரிப்படும்.

கீத் பேக்கர் உருவாக்கி 2004ல் வெளியான 'எபெரான்', டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளிலேயே ஓடும் ஓர் உலகம். அங்கே மந்திரமும் தொழில்நுட்பமும் மோதுவதில்லை, மந்திரமே தொழில்நுட்பம். மின்னல் ரயில் ஓடுகிறது, பூதத்தைக் கட்டிப்போட்டு ஆகாயக் கப்பல் பறக்கிறது. போருக்கென்றே செய்யப்பட்ட 'வார்ஃபோர்ஜ்ட்' வீரர்களை, போர் முடிந்த ஒப்பந்தம் சுதந்திர மனிதர்களாக அங்கீகரிக்கிறது. சண்டைக்காகவே பிறந்தவன் சமாதானத்தில் என்ன செய்வான்? அருமையான கேள்வி. ஆனால் அதை விதிகள் கேட்பதில்லை. செலவழித்த மந்திரங்கள் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் திரும்பிவிடும். கேள்வியைக் கதையில் கொண்டுவருவது, ஆட்டத்தை நடத்துகிறவர் பொறுப்பு.

விலையை நீங்களே நிர்ணயிக்க வேண்டுமா? 1986ல் வந்த 'கர்ப்ஸ்' இருக்கிறது. சாதாரண ஆறுபக்கப் பகடை மூன்று போதும். உலகின் தொழில்நுட்ப நிலைக்கு ஓர் எண். மந்திரம் எந்த இடத்தில் பலிக்கும், எங்கே பலிக்காது என்பதற்குத் தனி அளவு. மந்திரம் போட்டால் உடம்பு களைக்கும். எல்லாமே உங்கள் கையில். முதல் ஆட்டத்துக்கு முன் நிறைய வீட்டுப்பாடமும் உண்டு. சுருக்கமான இலவசப் பதிப்பு கிடைக்கிறது. படித்துப் பார்த்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்.

தத்துவம் வேண்டாம், மூன்று மணி நேரம் விறுவிறுப்பாகப் போனால் போதும் என்பவர்களுக்கு 2003ல் வந்த 'சாவேஜ் வேர்ல்ட்ஸ்'. பகடையில் உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம்.

நான்கைந்து நண்பர்கள் மாதக்கணக்கில் தங்கள் மாலைப் பொழுதுகளைத் தரப் போகிறார்கள். வேலை, குடும்பம் என்று ஆனவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எனவே வாங்குவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியத்தைப் பூர்த்தி செய்யுங்கள்: 'எங்கள் உலகில் சக்தி வேண்டுபவன் இழப்பது...'

'உடம்பை' என்றால் ஷேடோரன். 'பிறர் சுதந்திரத்தை' என்றால் எபெரான். பதில் இரண்டிலும் அடங்காவிட்டால் கர்ப்ஸ். 'ஒன்றுமில்லை, சும்மா ஜாலிக்கு' என்று நால்வரும் சிரித்தால் சாவேஜ் வேர்ல்ட்ஸ். ஆளுக்கொரு பதில் வந்தால் புத்தகக் கடைக்குப் போக வேண்டாம். முதலில் பேசி முடியுங்கள்.