குடும்பத்தோடு பார்க்கத்தக்கதா ஆர்ச்சி பங்கரின் வீடு?

ஒரு நகைச்சுவைத் தொடர் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்கதா என்ற கேள்வி எழும்போது, நாம் பெரும்பாலும் வசைச்சொற்களையும் படுக்கையறைப் பேச்சையும்தான் கணக்கெடுக்கிறோம். இவ்விரண்டும் குறைந்தால் தேர்ச்சி, மிகுந்தால் தள்ளுபடி. இவ்வளவுகோல் போதாது என்பதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் நல்லதொரு சான்று உண்டு. அத்தொடரின் பெயரிலேயே குடும்பம் இருக்கிறது: 'ஆல் இன் த ஃபேமிலி'.

பிரித்தானியத் தொடரான 'டில் டெத் அஸ் டூ பார்ட்'டைத் தழுவி நார்மன் லியர் உருவாக்கிய இத்தொடரை ஏபிசி நிறுவனம் இருமுறை மறுத்தது. பின்னர் 1971 ஜனவரியில் சிபிஎஸ் அதனை ஒளிபரப்பியது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கும் தொழிலாளி ஆர்ச்சி பங்கர், தமக்கே உரிய நாற்காலியில் அமர்ந்தபடி கறுப்பர், யூதர், தற்பாலினத்தார், பெண்கள் என எவரையும் விடாமல் இழித்துப் பேசுவார். அதே வீட்டில் வாழும் மருமகன் மைக் அவரோடு ஓயாது மல்லுக்கு நிற்பான். மனைவி எடித்தோ கணவரின் ஏச்சுகளை வாங்கிக்கொண்டே, அவ்வீட்டின் அறவுணர்வைத் தன் வெள்ளந்திப் பேச்சால் காத்து நிற்பாள். 1971 முதல் 1976 வரை ஐந்து பருவங்கள் தொடர்ந்து அந்நாட்டில் மிகுதியானோர் பார்த்த தொடர் இதுவே.

1975இல் சிக்கல் வந்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் தலைவர் ரிச்சர்ட் வைலியின் வற்புறுத்தலை அடுத்து, மாலையின் முதற்பகுதியைக் குடும்ப நேரமாக ஒதுக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் இசைந்தன. சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்த ஆர்ச்சி, திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தள்ளப்பட்டார். எழுத்தாளர் சங்கமும் லியர் உள்ளிட்ட படைப்பாளிகளும் வழக்குத் தொடுத்தனர். அரசு அமைப்பொன்று இவ்வாறு அழுத்தம் தந்தது கருத்துரிமைக்கு முரணானது என 1976இல் நீதிபதி வாரன் ஃபெர்குசன் தீர்ப்பளித்தார். 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கியது.

அரசு இவ்வாறு மறைமுகமாக அழுத்தியது தவறு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் குழந்தைகளை முன்னிட்டு எழுந்த கவலை முழுவதும் பொய்யா? அன்று எதிர்த்தோர் அனைவரையும் பழமைவாதிகள் என ஒதுக்கிவிட இயலாது. யூத வெறுப்பைச் சாடி 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்' என்ற நாவலை எழுதிய லாரா ஹாப்ஸன், ஆர்ச்சியின் வெறுப்பு நயப்படுத்தப்பட்டு, விரும்பத்தக்கதாக ஆக்கப்படுகிறது என்று 1971இல் கண்டித்து எழுதினார். 1974இல் வெளியான வித்மர், ரோக்கீச் ஆகியோரின் ஆய்வு இக்கவலைக்கு வலுச் சேர்த்தது. முற்சாய்வு மிக்க பார்வையாளர் பலர் ஆர்ச்சியைக் கேலிப்பொருளாகக் காணவில்லை. தம் மனத்தில் இருப்பதைத் துணிந்து சொல்பவராகவே கண்டனர். நகைத்தால் வெறுப்பு நாணிச் சுருங்கும் என்ற லியரின் நம்பிக்கை எல்லா வீட்டிலும் பலிக்கவில்லை.

அங்கதத்தின் இயல்பே இது. சொல்லப்படுவது ஒன்று, கொள்ளவேண்டியது வேறொன்று என்பதை உணர வயதும் பழக்கமும் வேண்டும். எட்டு வயதுக் குழந்தை சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனைச் சூழ்ந்துள்ள எள்ளலை விட்டுவிடும். அமெரிக்காவில் 1997இல் வந்த தரக்குறியீடுகள் பாலுறவு, வன்முறை, கொச்சைமொழி, இரட்டைப்பொருள் பேச்சு ஆகியவற்றுக்குத் தனித்தனி எழுத்துகளைத் தந்தன. சகமனிதரை இழிவாக எண்ணும் மனப்போக்குக்கு அங்கே எழுத்தே இல்லை. ஒரு கெட்ட வார்த்தையும் இன்றி மாமியாரையும் பருத்த உடலினரையும் எள்ளிச் சிரிக்கும் தொடர் எளிதாகத் தேறிவிடும், ஆர்ச்சி அகப்பட்டுக்கொள்வார்.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. சிரிப்பு எவர்மீது விழுகிறது? இழிவுக்கு உள்ளானவருக்கு மறுமொழி கூற இடமுண்டா? இவ்விரண்டிலும் இத்தொடர் பெரிதும் தேறுகிறது. 1972இல் சாமி டேவிஸ் ஜூனியர் விருந்தினராக வந்து, புகைப்படம் எடுக்கும் கணத்தில் ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிடும் காட்சியில், கறுப்பரைத் தொடக் கூசும் மனம்தான் நகைப்புக்கு உள்ளாகிறது; விருந்தினர் அல்லர்.

நம் முடிவு இதுதான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டிய பிள்ளைகளோடு இத்தொடரைத் தாராளமாகப் பார்க்கலாம். பெரியவர் உடனிருக்கவேண்டும், முடிந்ததும் பேசவேண்டும். எடித்தின் ஐம்பதாம் பிறந்தநாளன்று அவள்மீது நிகழும் பாலியல் வன்முறை முயற்சியைக் காட்டும் 1977ஆம் ஆண்டுப் பகுதியைப் பெற்றோர் முதலில் தாம் பார்த்துவிடுவது நலம். பிள்ளையைத் தனியே அமர்த்திவிட்டு அடுக்களைக்குப் போக நினைப்போர்க்கு இத்தொடர் உதவாது. எட்டு மணியா ஒன்பது மணியா என்ற பூசலில் அமெரிக்கர் நான்கு ஆண்டுகள் நீதிமன்றம் ஏறினர். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்பதைக் கடிகாரம் அறியாது, அப்பொறுப்பு நம்முடையது.