வந்துசேரும் நேரமும் எழுதாத வழுவும்

பௌதிக ஆய்வுகூடத்திலே ஊசலின் அலைவுகாலத்தை அளந்து விடையெழுதிய நாட்கள் பழைய மாணவர் பலருக்கும் நினைவிருக்கும். விடை எத்துணை அழகாக வந்திருப்பினும், அதன் பக்கத்தில் வழு இவ்வளவு என்று எழுதாவிடின் ஆசிரியர் கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவார். அக்கண்டிப்பின் அருமையை அண்மையில் மோட்டார் வண்டியொன்றில் இருந்தபோது உணர்ந்தேன். மாலை 5.42க்குச் சேர்வோம் என்று வழிகாட்டிக் கருவி காட்டிற்று. ஏறக்குறைய ஐந்தே முக்கால் என்றன்று, 5.42!

இவ்வெண் எங்ஙனம் பிறக்கின்றது? வீதியைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் கடக்க வேண்டிய நேரத்தை மதிப்பிட்டுக் கூட்டுவதே அடிப்படை. முன்னைய கருவிகள் வீதியின் தரத்தையும் வேக எல்லையையும் பெரிதும் நம்பின. இன்றோ அவ்வீதியிற் செல்வோரின் கைத்தொலைபேசிகள் அனுப்பும் இடவிபரங்களிலிருந்து இக்கணத்து வேகமும், அதே கிழமையில் அதே வேளையில் முன்னர் நிலவிய வேகமும் பெறப்படுகின்றன. அரை மணித்தியாலத்தின் பின் நாம் அடையப்போகும் சந்தி அப்பொழுது எந்நிலையில் இருக்கும் என்பதையும் கருவி ஊகித்தாக வேண்டும். ஆகவே இது அளவீடு அன்று; பிறர் பயணங்களைக் கொண்டு நம் பயணத்தைப் பற்றிச் செய்யும் ஊகம்.

அவ்வூகம் பிழைக்கும் விதத்தைப் பேர்லின் நகரக் கலைஞர் சைமன் வெக்கேட் 2020இல் வெளியிட்ட படக்காட்சி ஒன்று வேடிக்கையாகக் காட்டியது. 99 கைத்தொலைபேசிகளைச் சிறு கைவண்டியில் இட்டு, வெறிச்சோடிய வீதியில் மெல்ல இழுத்து நடந்தார். கூகிள் வரைபடத்தில் அவ்வீதி நெரிசலைக் குறிக்கும் செந்நிறமாயிற்று! அதே ஆண்டிற் கொரோனா நோயால் வீதிகள் ஓய்ந்தபோது பழைய பதிவுகள் பயனற்றுப்போயின. முந்திய இரண்டு முதல் நான்கு கிழமைகளின் பதிவுகளுக்கே முதன்மை கொடுக்குமாறு கூகிள் தன் கணிப்பைத் திருத்த நேர்ந்தது.

கருவியை இகழ்தல் என் நோக்கமன்று. நூற்றுக்கு 97க்கு மேற்பட்ட பயணங்களில் தம் கணிப்புச் சரியாக அமைந்ததென அந்நிறுவனம் 2020இல் அறிவித்தது. பெருஞ் சாதனையே. எனினும் நாடோறும் போய்வருபவருக்கு ஆண்டில் எழுநூறு பயணம். எஞ்சிய மூன்று வீதம் இருபத்தொன்றாகும். அந்த இருபத்தொன்றும் எந்நாளில் வரும் என்பதை 5.42 என்ற எண் சொல்வதில்லை.

அன்று அவ்வெண் 5.47 ஆக மாறியதும், வண்டியோட்டிய என் மருமகன் வேகத்தைக் கூட்டினார். ஐந்து நிமிடம் கையைவிட்டுப் போனதாக அவருக்கு எண்ணம். போனது எதுவுமில்லை, ஊகம் மாறிற்று, அவ்வளவே. வளைவில் எதிரே சைக்கிளில் வந்த பாடசாலைப் பிள்ளை வீதியோரப் புல்லில் இறங்கி ஒதுங்கியதை நான் கண்டேன். எண்ணைப் பார்த்திருந்த அவர் காணவில்லை.

இதைச் செய்வோருக்கு வழுத் தெரியாததன்று. பிந்திய ஒரு நேரத்தைக் குறித்துப் புறப்பாட்டைத் திட்டமிட்டாற் கூகிள் வரைபடமே இத்தனை முதல் இத்தனை நிமிடம் வரை என்று வீச்சாகக் காட்டும். வண்டி ஓடத் தொடங்கியதும் வீச்சு மறைந்து ஒற்றை எண் நிற்கும். வழு மிக வேண்டப்படும் வேளையில் அதை அழித்துவிடுவது முறையோ? கல்லூரியில் இன்று கணினி பயில்வோருட் சிலர் நாளை இத்தகைய கருவிகளை ஆக்குவர். 5.40க்கும் 6.00க்கும் இடையில் என்று எழுதத் துணியுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.

அன்று நாம் சேர்ந்தபோது மணி 5.56. புகையிரதக் கடவை மூடியிருந்தது.