ஒலிம்பிக் வாசலும் திறமையின் அளவும்

ஒலிம்பிக்கில் ஆடாத விளையாட்டு வீரரிடம் ஏதோ ஒரு குறை இருந்தே தீரும் என்ற நம்பிக்கை நாடெங்கும் இருக்கிறது, புதுச்சேரியிலும் இருக்கிறது. மாலையில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டபின் கடற்கரைச் சாலையில் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு சுற்றும் பிள்ளையின் பெற்றோரிடம் உறவினர் கேட்கும் கேள்வி, "இதெல்லாம் ஒலிம்பிக்ல இருக்கா?" என்பதுதான். இல்லையென்றால் அது வெறும் பொழுதுபோக்கு. இருந்தும் போக முடியவில்லையென்றால் பிள்ளையிடம் சரக்கு போதவில்லை. இந்த இரண்டு முடிவுகளும் தவறானவை. பனித்தளத்தில் இசைக்கேற்பத் தாவியும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் வரலாறு இதற்குப் போதுமான சான்று தருகிறது.

ஒற்றையர் பிரிவில் ஒரு நாடு ஒலிம்பிக்குக்கு அதிகபட்சம் மூன்று பேரைத்தான் அனுப்ப முடியும். அந்த மூன்று இடமும் எல்லா நாட்டுக்கும் கிடைப்பதில்லை. முந்தைய உலகப் போட்டியில் அந்நாட்டவர் பெற்ற இடங்களைக் கூட்டிப் பார்த்தே ஒன்றா, இரண்டா, மூன்றா என்று முடிவாகிறது. ஆகவே வலுவான நாட்டில் நான்காவதாக வருபவர், உலகத்தில் ஐந்தாமவராக இருந்தாலும், வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில்தான் ஒலிம்பிக் பார்க்க வேண்டும். ரஷ்யாவின் எலிசவேத்தா துக்தமிஷெவா 2015இல் ஐரோப்பியப் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் வென்றார். 2021இல் உலகப் போட்டியில் வெள்ளி பெற்றார். ஆனால் 2014, 2018, 2022 என்று மூன்று ஒலிம்பிக்குகள் கடந்தும் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. 2022இல் மாற்று வீராங்கனை என்ற நிலையோடு நின்றுவிட்டார். உலகப் பட்டம் வென்ற ஒருவரை, ஒலிம்பிக்குக்குப் போகவில்லை என்பதற்காகத் திறமை குறைந்தவர் என்று யார் சொல்ல முடியும்?

இடங்கள் இருந்தாலும் அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பது அந்தந்த நாட்டுச் சங்கங்களின் முடிவு. அமெரிக்காவில் 2014 தேசியப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தவர் மிராய் நகாசு. நான்காம் இடம் ஆஷ்லி வாக்னர். ஆனால் ஒலிம்பிக் அணியின் மூன்றாவது இடம் வாக்னருக்குப் போயிற்று. அதற்கு முந்தைய பருவங்களில் வாக்னரின் சர்வதேச முடிவுகள் மேலானவை என்பது சங்கம் சொன்ன காரணம். அது முறைகேடான முடிவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அன்று விடுபட்ட அதே நகாசுதான் 2018 பியோங்சாங்கில், ஒலிம்பிக்கில் டிரிபிள் ஆக்ஸல் தாவிய முதல் அமெரிக்கப் பெண் ஆனார். ஆக்ஸல் என்பது முன்னோக்கிக் கிளம்பும் ஒரே தாவல். பின்னோக்கி இறங்க வேண்டியிருப்பதால் மற்றத் தாவல்களைவிட அரைச் சுற்று கூடுதல். டிரிபிள் என்றால் காற்றில் மூன்றரைச் சுற்று. அதுவரை பெண்களில் மிகச் சிலரே போட்டியில் அதைச் செய்திருந்தார்கள்.

வயது விதி இன்னும் கொடுமையானது. ஜப்பானின் மாவோ அசாதா பிறந்தது 1990 செப்டம்பர் 25. 2006 தூரின் ஒலிம்பிக்கில் ஆட 2005 ஜூலை 1ஆம் தேதிக்குள் 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கும் குறைவான இடைவெளியில் அவர் வெளியே நின்றார். அந்தப் பருவத்தின் டிசம்பரில் டோக்கியோவில் நடந்த கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில், அப்போதைய உலக சாம்பியன் இரினா ஸ்லுத்ஸ்கயாவை அவர் தோற்கடித்திருந்தார். தூரினில் ஸ்லுத்ஸ்கயாவுக்கு வெண்கலம் கிடைத்தது. சிறு வயதினரைக் காக்க வயது வரம்பு தேவைதான். இப்போது அதை 17 ஆக உயர்த்தியிருப்பதும் நல்லதே. ஆனால் பிறந்த தேதியால் விடுபட்டவரைத் திறமையால் விடுபட்டவராகக் கணக்கில் எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

அசாதாவின் கதை அதோடு முடியவில்லை. 2010 வான்கூவரில் வெள்ளி. 2014 பிப்ரவரியில் சோச்சியில் முதல் சுற்றில் சறுக்கி 16ஆம் இடத்துக்குப் போய், அடுத்த சுற்றில் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றை ஆடி, மொத்தத்தில் ஆறாவதாக முடித்தார். அடுத்த மாதமே சைத்தாமாவில் உலக சாம்பியன். பிப்ரவரியில் ஆறாவதாக இருந்தவரின் திறமை மார்ச்சில் திடீரென்று வளர்ந்துவிடவில்லை. கனடாவின் கர்ட் பிரௌனிங்கும் இப்படித்தான். 1988 உலகப் போட்டியில் நான்கு சுற்றுத் தாவலை முதன்முதலாக அங்கீகாரத்தோடு செய்தவர், நான்கு முறை உலகப் பட்டம் வென்றவர். மூன்று ஒலிம்பிக்குகளில் 8, 6, 5 என்ற இடங்களோடு திரும்பினார். நான்காண்டுக்கு ஒருமுறை, ஏழெட்டு நிமிட ஆட்டத்தில் ஒரு மனிதரின் முழுத் திறமையையும் எடைபோட முடியும் என்பது அடிப்படையிலேயே பிழையான எண்ணம்.

ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குப் பக்கத்திலுள்ள வேகச் சறுக்கில் இதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் நிகழ்வு ஒன்று உண்டு. 2022 ஜனவரியில் அமெரிக்கத் தேர்வுப் போட்டியின் 500 மீட்டரில் எரின் ஜாக்ஸன் தடுமாறி மூன்றாவதாக வந்தார். அப்போது அந்தத் தூரத்தில் உலகத் தரவரிசையில் முதலிடம் அவருக்குத்தான். அமெரிக்காவுக்கு உறுதியாக இருந்தவை இரண்டே இடங்கள். தேர்வில் வென்ற பிரிட்டனி போவ் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். பெய்ஜிங்கில் ஜாக்ஸன் தங்கம் வென்றார். போவ் விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த ஆண்டு ஒலிம்பிக் தங்கத்துக்கு உரியவர் 'தேர்வில் தேறாதவர்' என்றே பெயர் எடுத்திருக்கக்கூடும். அந்தத் தடுமாற்றத்துக்கு முன்னும் பின்னும் அவர் கால்களின் வலு ஒன்றுதான்.

பிரெஞ்சு உறவால் புதுச்சேரிக்கு நெருக்கமான பிரான்சின் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை சூர்யா பொனாலி. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். 1993, 1994, 1995இல் உலகப் போட்டியில் வெள்ளி. ஒலிம்பிக்கில் மட்டும் 5, 4, 10. அவரது ஆட்டத்தில் தாவல் அதிகம், நளினம் குறைவு என்று நடுவர்கள் கருதினார்கள்; அந்த விமர்சனத்தில் ஒரு பகுதி உண்மையும் இருக்கலாம். ஆனால் நளினம் என்பது அளவுகோலால் அளக்கும் பொருள் அல்ல; அது பழக்கப்பட்ட கண்ணுக்குப் பழக்கப்பட்ட உடலைத் தேடும் ஒன்று. பாலே வடிவத்துக்கு வளர்ந்த அந்தக் கண்களுக்கு முன் கறுப்பினப் பெண் ஒருத்தியின் வலிமை எப்படித் தெரிந்திருக்கும் என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 1994 உலகப் போட்டியில் ஐந்துக்கு நான்கு என்ற நடுவர் வாக்கில் யூகா சாத்தோவிடம் தங்கத்தை இழந்தபோது அவர் மேடையேற மறுத்து, கழுத்தில் போட்ட பதக்கத்தைக் கழற்றிவிட்டார். 1998 நகானோவில், காயத்தோடு ஆடிய கடைசி ஒலிம்பிக்கில், 1970களிலிருந்து தடைசெய்யப்பட்டிருந்த பின்குட்டிக்கரணத்தைப் போட்டு ஒற்றைக் காலின் பிளேடில் இறங்கினார். மதிப்பெண் குறைந்தது. அந்தத் தடையை 2024இல் சர்வதேசச் சங்கம் நீக்கியது. அன்று குற்றமாக இருந்தது இன்று ஆட்டத்தின் பகுதி.

வாசலே இல்லாதவர்களின் நிலை இதைவிட மோசம். ஃபிகர் ஸ்கேட்டிங் பனியில் மட்டும் ஆடப்படுவதில்லை. நான்கு சக்கரமும் முன்புறம் ரப்பர் தடுப்பும் கொண்ட காலணியில், அதே ஆக்ஸல், அதே லுட்ஸ் தாவல்கள், அதே சுழற்சிகளோடு ஆடும் 'ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங்' உண்டு. ஹைதராபாத்தின் அனூப்குமார் யாமா 2010 குவாங்சௌ ஆசியப் போட்டியில் அதில் வெண்கலம் பெற்றார். 2015இல் அர்ஜுனா விருதும் பெற்றார். அவருக்கு ஒலிம்பிக் எட்டாமல் போனது ஆட்டக் குறையால் அல்ல. சக்கரத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் ஒலிம்பிக் பட்டியலிலேயே இல்லை.

சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலகச் சக்கர வேகச் சறுக்குப் போட்டியில் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் கடந்து தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன் அவர்தான். அதே போட்டியின் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். அவருக்கும் ஒலிம்பிக் இல்லை. சக்கர வேகச் சறுக்கை நடத்தும் வேர்ல்ட் ஸ்கேட் அமைப்புதான் ஸ்கேட்போர்டிங்கையும் நடத்துகிறது. ஸ்கேட்போர்டிங் டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குள் வந்துவிட்டது. ஒன்றை எடுத்ததும் மற்றதை விட்டதும் பார்வையாளர், ஒளிபரப்பு, இளைஞர் ஈர்ப்பு என்ற கணக்குகளால். புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்திலிருந்து ஆடப்படும், உலோகக் குண்டு எறியும் விளையாட்டான பெத்தாங்கும் பாரிஸ் 2024க்கு விண்ணப்பித்து இடம் பெறவில்லை.

வாசல் இல்லாமையின் விலை புதுச்சேரிக்குக் கிரிக்கெட்டிலேயே தெரியும். 2018-19 பருவத்துக்கு முன்பு ரஞ்சிக் கோப்பையில் புதுச்சேரிக்கென்று அணி கிடையாது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் இங்கே ஆடியவர்கள் யாரும் முதல்தர ஆட்டத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அந்த நியாயம் ஸ்கேட்டிங் பிள்ளைக்கு மட்டும் மறுக்கப்படுவது ஏன்? ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இந்தியாவிலிருந்து இதுவரை ஒருவரும் ஒலிம்பிக்கில் ஆடியதில்லை. அதற்கான 60க்கு 30 மீட்டர் பனித்தளம் தமிழகத்திலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. டேராடூனில் 2011இல் கட்டியது பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2025இல்தான் மீண்டும் திறந்தது.

விதி எல்லாருக்கும் பொதுதானே, யாரையாவது தேர்ந்தெடுத்துத்தானே ஆக வேண்டும் என்பது மறுதரப்பு வாதம். ஆம், தேர்வு தேவை. எதிர்க்க வேண்டியது தேர்வை அல்ல, தேர்விலிருந்து திறமைத் தீர்ப்பை உருவியெடுப்பதை. இந்தப் பிழை பேச்சோடு நிற்பதில்லை. 2014இல் மத்திய அரசு தொடங்கிய டார்கெட் ஒலிம்பிக் போடியம் திட்டத்தின் நோக்கம் அதன் பெயரிலேயே இருக்கிறது. ஒலிம்பிக்குக்கு வெளியே உள்ள விளையாட்டில் உலகத்தை வென்றவருக்கு அதில் பொதுவாக இடமில்லை. வீட்டில் பெற்றோரும் அதே அளவையை எடுத்துக்கொண்டு, பத்தாம் வகுப்பு வந்ததும் காலணியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பரிசும் உதவித்தொகையும் உலகப் போட்டி, ஆசியப் போட்டி முடிவுகளை வைத்து, ஒலிம்பிக் பட்டியலைப் பார்க்காமல் வழங்கப்பட வேண்டும். பனித்தளம் கட்ட முடியாத ஊரிலும் சக்கரத்துக்கு வழவழப்பான தளம் போட முடியும். கூரையும் விளக்கும் பயிற்சியாளருக்கு மாதச் சம்பளமும் சேர்ந்தால் ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங் அங்கேயே தொடங்கலாம்.