விளக்கு ஆடியது சரி, கடிகாரத்தைச் செய்தது யார்?

பீசா தேவாலயத்தில் ஒரு விளக்கு ஆடியது. மாணவன் கலீலியோ தன் நாடித்துடிப்பை வைத்து அதை அளந்தான். உடனே பெண்டுலக் கடிகாரம் பிறந்துவிட்டது. இந்தக் கதையைப் பல வருஷம் வகுப்பில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "எனக்கு அப்படியெல்லாம் எதுவும் தோணாதே சார், நான் சயின்ஸ் எடுக்கலாமா?" அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தக் கதையை என்னால் சொல்ல முடியவில்லை.

கதையை நமக்குச் சொன்னவர் கலீலியோவின் சீடர் விவியானி. நடந்தது 1583இல் என்கிறார். பீசாவில் இன்று பயணிகளுக்குக் காட்டும் 'கலீலியோ விளக்கு' 1587இல்தான் வந்தது. வேறு விளக்காக இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும், என் சண்டை விளக்கோடு இல்லை. விளக்கு ஆடியதும் கடிகாரம் வந்துவிட்டது என்று நம்பும் நம் சோம்பலோடு.

வரவில்லை ஐயா. ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து, பார்வை போன கலீலியோ ஒரு கடிகார அமைப்பை வாயால் சொன்னார். அதைச் செய்யத் தொடங்கிய மகன் வின்சென்சோ முடிக்காமலே 1649இல் இறந்தார். ஓடுகிற பெண்டுலக் கடிகாரத்தை 1656இன் கடைசியில் வடிவமைத்தவர் ஹாலந்தின் ஹைகன்ஸ். அவரும் தனியாளாக அதை உலகுக்குக் கொடுத்துவிடவில்லை. செய்து விற்கும் உரிமை 1657இல் ஹேக் நகரத்துக் கடிகாரக்காரர் சாலமன் கோஸ்டருக்குப் போனது. அதுவரை நாளுக்குக் கால் மணி நேரம்கூடத் தப்பிக்கொண்டிருந்த கடிகாரம், சில நொடிகள் மட்டுமே தப்புவதாக மாறியது. கோஸ்டரின் பெயரை எந்தப் பாடத்தில் படித்தோம்?

இதைவிட மோசம், விளக்குக் கதை சொல்லித்தரும் பாடமே முழு உண்மை இல்லை. ஆட்டம் பெரிதோ சிறிதோ, நேரம் ஒன்றுதான் என்கிறது அது. அகலமாக ஆடினால் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும். அந்தக் 'கொஞ்சத்தை' ஒழிக்கத்தான் ஹைகன்ஸ் கணக்கோடு மல்லுக்கட்டினார். பிறகு வந்த நங்கூர வடிவ அமைப்பு ஆட்டத்தையே குறுக்கியது. அதைக் கண்டுபிடித்தது ஹூக்கா, கிளெமென்ட்டா என்று இன்றும் தகராறு.

1672இல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போன ரிஷேரின் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ரிஷேர் அதை மறைக்கவில்லை, அளந்து எழுதிவைத்தார். நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு குறைவு, பூமி துருவங்களில் தட்டை என்று நியூட்டன் வாதாட அந்த இரண்டரை நிமிடம் உதவியது.

யாருக்கும் எதுவும் பளிச்சென்று தோன்றிவிடவில்லை. ராவினார்கள், அளந்தார்கள், தப்பு வந்தால் குறித்துவைத்தார்கள். அன்று அந்த மாணவியிடம் இதைச் சொல்லாமல் ஏதோ சிரித்து மழுப்பினேன். அவள் காமர்ஸ் எடுத்தாள். காமர்ஸ் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் என் பொய்க்கதையை நம்பி எடுத்தாளே, அதுதான் உறுத்துகிறது. அறிவியல் மேடைகளில் இன்னும் விளக்கை ஆட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே, போதும். அடுத்த தடவை கோஸ்டரின் பட்டறையிலிருந்து ஆரம்பியுங்கள்.